நம் தடைக்காலம் தெரியாத வரைபடம்: குளோபல் ஃபிஷிங் வாட்ச் சேவை குறித்து

உலகக் கடல்களில் எந்தப் படகு எங்கே மீன் பிடிக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பார்க்கலாம் என்ற உறுதிமொழியுடன் 2016 செப்டம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது குளோபல் ஃபிஷிங் வாட்ச் என்னும் இணைய வரைபடச் சேவை. ஓசியானா என்ற கடற்பாதுகாப்பு அமைப்பும், செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு சுற்றுச்சூழல் கேடுகளைக் கண்காணிக்கும் ஸ்கைட்ரூத்தும், கூகுள் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய இச்சேவை, 2017 முதல் தனித்த, இலாபநோக்கற்ற அமைப்பாக இயங்கி வருகிறது. ஏறக்குறைய ஓராண்டாக இதைப் பயன்படுத்தி வருகிறேன். கடற்கரை அரசியலைப் பற்றி எழுதுவது என் வேலையின் ஒரு பகுதியாதலால், வேகம், வடிவமைப்பு, வசதி என்று கணினிக் கருவியை மதிப்பிடும் வழக்கமான அளவுகோல்கள் எனக்குப் போதவில்லை. அளவுமீறிய மீன்பிடிப்பை நிறுத்தும்படி ஓர் அரசாங்கத்தை நகர்த்த முயல்பவர்களின் கையில் இவ்வரைபடம் எந்த அளவுக்குப் பயன்படும் என்பதே நான் விடை தேடிய கேள்வி.

முதலில் பயன்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்தைத் திறந்ததும் கருநீலப் பின்னணியில் உலக வரைபடம் விரிகிறது. மீன்பிடிப்பு மிகுந்த இடங்கள் சிறு கட்டங்களாக ஒளிர்கின்றன. அடியில் உள்ள காலக்கோட்டை இழுத்து 2012 முதல் இன்றைக்கு மூன்று நான்கு நாள்களுக்கு முன்பு வரையிலான எந்தக் காலத்தையும் பார்க்கலாம். நாடுகளின் பொருளாதார எல்லை, கடல் காப்பகங்களின் எல்லை, கடலடி ஆழம் ஆகியவற்றை மேலே விரித்துக்கொள்ளலாம். வேண்டிய பரப்பை நாமே கோடிட்டு வரைந்து, அதற்குள் எந்த நாட்டுக் கொடியுடைய படகுகள் எத்தனை மணிநேரம் செலவிட்டன என்ற அறிக்கையைப் பெறலாம். ஒரே படகைத் தேர்ந்தெடுத்து, அது எந்தத் துறைமுகத்துக்குச் சென்றது, நடுக்கடலில் எந்தச் சரக்குக் கப்பலை ஒட்டி நின்றது, எவ்வளவு நேரம் தன் இருப்பிடத்தை அறிவிக்கும் கருவியை அணைத்து வைத்திருந்தது என்றெல்லாம் பின்தொடரலாம். பார்ப்பதற்குப் பதிவு தேவையில்லை. தரவைத் தரவிறக்க மட்டும் ஒரு கணக்கு தொடங்க வேண்டும், அதற்கும் கட்டணமில்லை. வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது என்பது நிபந்தனை.

இத்தனையும் எதிலிருந்து வருகிறது என்பதை அறியாமல் இவ்வரைபடத்தை நம்புவதும் தவறு, ஒதுக்குவதும் தவறு. கப்பல்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் இருப்பதற்காகத் தம் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் வேகத்தையும் சில விநாடிகளுக்கு ஒருமுறை வானொலி அலையில் அறிவித்துக்கொண்டே செல்லும் தானியங்கி அடையாளக் கருவி ஒன்று உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் ஒன்பது இலக்க எண் இருக்கும். முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் காட்டும். 419 என்று தொடங்கினால் இந்தியா, 417 என்றால் இலங்கை. பாதுகாப்புக்காக வெளியிடப்படும் இச்செய்திகளைச் செயற்கைக்கோள்களும் கரையோர வாங்கிகளும் சேகரிக்கின்றன. மீன்பிடிக்கும் படகு நேராகப் போகும் படகைப் போல நகர்வதில்லை. கடலடியில் வலையை இழுத்துச் செல்லும் இழுவைமடிப் படகு மெதுவாக முன்னும் பின்னும் உழுவதைப் போல நகரும். மீன்கூட்டத்தை வலையால் வளைத்துச் சுருக்கும் சுருக்குமடிப் படகு வட்டமடித்து நிற்கும். ஆயிரக்கணக்கான தூண்டில்களை விடும் படகு நெடுங்கோடாகச் சென்று அதே கோட்டில் திரும்பும். இந்த நடையை இயந்திரக் கற்றல் மூலம் இனங்கண்டு, இது மீன்பிடிப்பு, இது வெறும் பயணம் என்று பிரிக்கிறார்கள். தங்கள் கணக்கை ‘மீன்பிடிப்பு’ என்று அடித்துச் சொல்லாமல் ‘மீன்பிடிப்பாகத் தோன்றும் செயல்பாடு’ என்றே எல்லா இடத்திலும் குறிக்கிறார்கள். வலைகளில் கட்டப்படும் மிதவைகளில் கூட மலிவான அடையாளக் கருவிகள் பொருத்தப்படுவதுண்டு. அவை படகுகளைப் போலவே ஒலிபரப்பும். ஆகவே ஒரு புள்ளியைக் கண்டதும் குற்றவாளி அகப்பட்டான் என்று துள்ளுபவருக்கு இச்சேவை ஏற்றதன்று.

இத்தரவைக் கொண்டு 2018இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, 70,000க்கு மேற்பட்ட தொழிற்துறைப் படகுகளின் நடமாட்டத்தைக் கணக்கிட்டு, உலகக் கடற்பரப்பில் 55 விழுக்காட்டுக்கு மேற்பட்ட இடங்களில் தொழிற்துறை மீன்பிடிப்பு நடப்பதாகக் கூறியது. நிலத்தில் வேளாண்மை நடக்கும் பரப்பைப் போல இது நான்கு மடங்குக்கும் அதிகம். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடலில் கண்டறியப்பட்ட மீன்பிடிப்பில் 85 விழுக்காட்டுக்கு மேல் சீனா, ஸ்பெயின், தைவான், ஜப்பான், தென்கொரியா ஆகிய ஐந்தின் கொடியின் கீழ் நடந்தது என்பதும் அதில் தெரியவந்தது. அதே ஆய்வின் இன்னொரு முடிவு எனக்கு இவற்றையெல்லாம் விட முக்கியமாகப் படுகிறது. படகுகள் எப்போது கடலுக்குப் போகின்றன என்பதைத் தீர்மானிப்பது மீன்களின் பருவம் மட்டுமன்று. சீனாவின் கோடைக்கால மீன்பிடித் தடை, சீனப் புத்தாண்டு, மேலை நாடுகளின் கிறிஸ்துமஸ் விடுமுறை ஆகியவையே உலக மீன்பிடிப்பின் ஏற்ற இறக்கத்தில் பெரிய தடங்களை விடுகின்றன. காலக்கோட்டைக் கோடை மாதங்களுக்கு நகர்த்தினால் சீனக் கரையோரம் ஒளி குன்றுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஓர் அரசாணை கடலில் நிறைவேறுகிறதா என்பதை, அந்நாட்டு மொழி தெரியாத ஒருவர் தன் வீட்டிலிருந்து சரிபார்க்க முடிகிறது. இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொள்ளும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். நம் கடலுக்கு வரும்போது இது தேவைப்படும்.

அரசியலில் இவ்வரைபடம் என்ன சாதித்தது? மூன்று கதைகள் உண்டு. மூன்றும் ஒரே மாதிரியானவை அல்ல.

பசிபிக் தீவு நாடான கிரிபாட்டி, பீனிக்ஸ் தீவுகளைச் சூழ்ந்த 4,08,250 சதுர கிலோமீட்டர் பரப்பை 2015 ஜனவரி 1 முதல் வணிக மீன்பிடிப்புக்கு முற்றிலும் மூடியது. ஒரு சில ரோந்துப் படகுகளை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய பரப்பைக் காக்க அந்நாட்டால் இயலாது. ஆனால் மூடலுக்கு முன்னும் பின்னுமான படகுத் தடங்களை அருகருகே வைத்தபோது, படகுகள் எல்லைக்கு வெளியே விலகிச் சென்றது தெளிவாகத் தெரிந்தது. அதே ஆண்டு ஜூனில் காப்பகத்துக்குள் அகப்பட்ட ஒரு சுருக்குமடிக் கப்பலுக்கு எதிராகத் தடத் தரவு துணைநின்றது. பத்து லட்சம் டாலர் அபராதம் வசூலாயிற்று. இதுவரை கேட்பவர்கள் கைதட்டுவார்கள். ஆனால் 2019இல் வெளியான வேறோர் ஆய்வு இதே தரவைக் கொண்டு கசப்பான ஒன்றைக் காட்டியது. காப்பகம் மூடப்படும் என்ற பேச்சு எழுந்த 2013 முதல் மூடப்பட்ட நாள் வரை, அங்கே மீன்பிடிப்பு இரு மடங்குக்கு மேல் பெருகியது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுத் தடையின் பயனை முன்கூட்டியே வாரிக்கொண்டு போய்விட்டார்கள். கடை மூடப்போகிறது என்று தெரிந்தால் கூட்டம் முண்டியடிப்பதைப் போலத்தான். காப்பகம் அமைப்பதாக மேடையில் அறிவித்துவிட்டு நடைமுறைப்படுத்த ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் எந்த அரசியல்வாதியின் முன்னும் வைக்கத்தக்க சான்று இது. 2021 நவம்பரில் கிரிபாட்டி அரசே அக்காப்பகத்தை மீண்டும் மீன்பிடிப்புக்குத் திறக்கப்போவதாக அறிவித்தது. வருவாய் தேவைப்படும் ஒரு சிறிய நாட்டின் கையை வரைபடத்தால் பிடித்து நிறுத்த முடியாது.

இந்தோனேசியாவின் கதை ஓர் ஆளுமையைச் சுற்றியது. 2014 முதல் 2019 வரை மீன்வளத் துறை அமைச்சராக இருந்த சுசி புட்ஜியஸ்துதி, மீன் வியாபாரத்தில் தொடங்கி விமான நிறுவனம் வரை நடத்தியவர். சட்டத்தை மீறிப் பிடிபட்ட வெளிநாட்டுப் படகுகளை வெடிவைத்து மூழ்கடித்ததால் உலகப் புகழ் பெற்றார். வெடிவைத்த காணொளிகள் எல்லோருக்கும் நினைவிருக்கின்றன. அவர் செய்த அதைவிடத் துணிச்சலான காரியம், 2017இல் தம் நாட்டு அரசின் சொந்தக் கண்காணிப்புத் தரவை, ஏறத்தாழ 5,000 இந்தோனேசியப் படகுகளின் தடங்களை, இவ்வரைபடத்தில் பொதுவில் வெளியிட்டதே என்பேன். படகு கண்காணிப்புத் தரவு எந்த நாட்டிலும் அரசு இரகசியமாகவே கருதப்பட்டு வந்தது. மற்றவர் படகைக் கொளுத்துவதற்குக் கைதட்டல் கிடைக்கும். தம் நாட்டுப் படகு முதலாளிகளை வெளிச்சத்தில் நிறுத்துவதற்கு எதிர்ப்புத்தான் கிடைக்கும். வெளிநாட்டுப் படகுகளின் மீன்பிடிப்பு 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது என்றும், மொத்த மீன்பிடிப்பு குறைந்தது கால் பங்கு இறங்கியது என்றும் பின்னர் ஆய்வுகள் காட்டின. பெரு 2018இல் அதே வழியைப் பின்பற்றியது. சிலி, பனாமா போன்ற நாடுகளும் தொடர்ந்தன.

மூன்றாவது கதையை நான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். ஜப்பானின் வடமேற்குக் கரையில் பல ஆண்டுகளாக வடகொரிய மரப் படகுகள் ஒதுங்கி வந்தன. சிலவற்றில் எலும்புக்கூடுகள் இருந்தன. பேய்ப் படகுகள் என்று செய்தித்தாள்கள் எழுதின. 2020 ஜூலையில் வெளியான ஆய்வில் இச்சேவையின் ஆய்வாளர்கள், தென்கொரிய, ஜப்பானிய அறிஞர்களுடன் சேர்ந்து, அடையாளக் கருவித் தரவு, ரேடார் படம், உயர்தெளிவு ஒளிப்படம், இரவு விளக்கொளி ஆகிய நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். 2017இல் 900க்கு மேற்பட்ட, 2018இல் சுமார் 700, சீனாவிலிருந்து வந்த படகுகள் வடகொரியக் கடலில் மீன் பிடித்தன என்று கண்டார்கள். ஐ.நா. பாதுகாப்பு அவையின் தடை தீர்மானங்கள் வடகொரிய மீன்பிடி உரிமைகளை விற்பதைத் தடுத்திருந்த காலம் அது. அப்படகுகள் இரண்டாண்டுகளில் பிடித்த கணவாயின் மதிப்பு 44 கோடி டாலருக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். தம் கடலிலிருந்து தள்ளப்பட்ட வடகொரியச் சிறு மீனவர்கள், அந்தத் தொலைவுக்கு ஏற்றதல்லாத மரப் படகுகளில் ரஷ்யக் கடலுக்குப் போனார்கள். திரும்பாதவர்கள்தான் ஜப்பானியக் கரையில் ஒதுங்கினார்கள் என்பது ஆய்வு முன்வைத்த விளக்கம். பெரிய படகு சிறிய படகைத் தள்ளும், சிறிய படகு உயிரைப் பணயம் வைத்து எல்லை தாண்டும், எல்லைக்கு அப்பாலுள்ளவர் மேலும் நலிவடைவார் என்ற சங்கிலியைப் பாக்கு நீரிணைக் கரையில் பிறந்த எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வரைபடத்தின் பயன் படகுகளைப் பிடிப்பதோடு நிற்பதில்லை. எங்கே, எத்தனை மணிநேரம், எவ்வளவு எரிபொருள் என்று கணக்கிட முடிந்ததும், அத்தொழிலுக்கு இலாபம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க முடிந்தது. 2018இல் வெளியான ஓர் ஆய்வு இதே தரவைப் பயன்படுத்தி, அரசு மானியம் இல்லையென்றால் ஆழ்கடல் மீன்பிடித் தளங்களில் 54 விழுக்காடு இன்றைய அளவில் இலாபமற்றவை என்று காட்டியது. உலகில் மீன்பிடிக்கு வழங்கப்படும் மானியம் 2018இல் சுமார் 3,540 கோடி டாலர் என்றும், அதில் 2,220 கோடி டாலர் மேலும் மேலும் மீன் பிடிக்கும் திறனைப் பெருக்கவே செல்கிறது என்றும் வேறொரு மதிப்பீடு உண்டு. உலக வணிக அமைப்பு இருபது ஆண்டுகளுக்கு மேல் இழுபறிக்குப் பின் 2022 ஜூனில் மீன்பிடி மானிய ஒப்பந்தத்தை ஏற்றது. 2025 செப்டம்பர் 15 அன்று அது நடைமுறைக்கு வந்தது. சட்டவிரோத மீன்பிடிப்புக்கும், ஏற்கெனவே நலிந்துவிட்ட மீன் இனங்களைப் பிடிப்பதற்கும், எந்த ஒழுங்குமுறைக்கும் உட்படாத ஆழ்கடல் மீன்பிடிப்புக்கும் மானியம் தரக் கூடாது என்பதோடு அது நின்றுவிட்டது. படகுத் திறனைப் பெருக்கும் மானியங்கள் பேச்சுவார்த்தைக்கே விடப்பட்டன. அந்தப் பேச்சுவார்த்தையில் இந்தியா தன் சிறு மீனவர்களைக் காரணமாகக் காட்டி 25 ஆண்டு அவகாசம் கேட்டு நின்றது. கேட்டது நியாயமா இல்லையா என்பதை நம் சிறு மீனவர் யார், பெரிய படகு எது, எவர் எங்கே பிடிக்கிறார் என்று காட்டும் பொதுத் தரவு இருந்தால் விவாதிக்கலாம். அது இல்லை.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகல். கடலைக் காக்க வேண்டும் என்றதும் நகரத்து நண்பர்கள் நினைவுகூர்வது, எந்த மீனை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம் என்று சொல்லும் கையேடுகளையும் நீலநிறச் சான்று முத்திரைகளையும்தான். அவற்றை நான் குறைசொல்லவில்லை. கேரளத்தின் அஷ்டமுடிக் காயலில் மட்டி எடுப்போர் 2014இல் அத்தகைய முத்திரையைப் பெற்று ஏற்றுமதியில் பயன் அடைந்தார்கள். ஆனால் அவை கேள்வியை வாங்குபவரிடம் கேட்கின்றன. காசிமேட்டில் காலை ஐந்து மணிக்குக் கூடையில் கொட்டப்படும் மீன் எந்த மடியில் அகப்பட்டது என்று வாங்குபவர் எப்படி அறிவார்? குளோபல் ஃபிஷிங் வாட்ச் கேள்வியைத் துறைச் செயலாளரிடமும் அமைச்சரிடமும் கேட்க வழிசெய்கிறது. உலக உணவு வேளாண் அமைப்பின் அண்மைக் கணக்கில் ஆய்வுக்குட்பட்ட மீன் இருப்புகளில் 35.5 விழுக்காடு தாங்கும் அளவுக்கு மேல் பிடிக்கப்படுகின்றன. இது சமையலறையில் தீர்க்கப்படும் சிக்கல் அன்று.

இனி நம் கடல்.

தனுஷ்கோடியிலிருந்து கோடியக்கரை வரை, மறுபுறம் தலைமன்னாரிலிருந்து பருத்தித்துறை வரை ஒரு பரப்பை வரைந்து, மீன்பிடிப்பு அடுக்கை இயக்கிப் பாருங்கள். இராமேசுவரம், மண்டபம், ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், நாகப்பட்டினம் ஆகிய துறைகளில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் விசைப்படகுகளைக் கண்டவர்கள், திரையில் தெரியும் ஒளியைப் பார்த்து ஏமாந்துபோவார்கள். துறைமுகத்தில் நிற்கும் எண்ணிக்கையோடு ஒப்பிட அது ஒன்றுமே இல்லை. காரணம் எளியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 15 மீட்டருக்கு மேற்பட்ட மீன்பிடிப் படகுகள் அடையாளக் கருவியைப் பொருத்த வேண்டும். இந்தியாவில் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 20 மீட்டருக்கு மேற்பட்டவற்றுக்கே அது கட்டாயமானது. பாக்கு நீரிணையின் விசைப்படகுகளில் மிகப் பெரும்பாலானவை அதைவிடச் சிறியவை. சட்டத்தின் பார்வையிலிருந்து அவை சட்டப்படியே மறைந்திருக்கின்றன.

இந்த இருட்டு நமக்கு மட்டும் உரியதன்று. 2024 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் இச்சேவையின் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை, ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல் செயற்கைக்கோள்கள் ஐந்தாண்டுகளில் எடுத்த படங்களை ஆராய்ந்து, உலகின் தொழிற்துறை மீன்பிடிப் படகுகளில் 72 முதல் 76 விழுக்காடு வரை பொதுக் கண்காணிப்பில் இல்லை என்றது. அவற்றில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவையும் தெற்காசியாவையும் சுற்றியுள்ள கடல்களில் இருப்பதாகவும் கூறியது. வரைபடத்தில் ரேடார் அடுக்கு என்று தனியாக ஒன்று உண்டு. அதை இயக்கினால் அடையாளம் சொல்லாத படகுகள் புள்ளிகளாக எழுகின்றன. ஆனால் செயற்கைக்கோள் ஒரே இடத்துக்குத் திரும்பி வரச் சில நாள்கள் ஆகும். சிறிய படகுகளும் மரப் படகுகளும் ரேடாரில் நழுவும். எழும் புள்ளிக்குப் பெயரோ கொடியோ இராது. படகு இருந்தது என்று சொல்லும், யாருடையது என்று சொல்லாது. பாக்கு நீரிணையில் ‘யாருடையது’ என்பதுதான் எல்லாச் சண்டைக்கும் மூலம்.

அச்சண்டையின் வரலாற்றை இங்கே விரிக்க இடமில்லை. எனினும் அதன் அடிப்படையைத் தொடாமல் இச்சேவையை மதிப்பிட முடியாது. 1974ஆம், 1976ஆம் ஆண்டு உடன்படிக்கைகள் வரைந்த எல்லைக்கோடு, இராமேசுவரம் பகுதியில் கரைக்கு மிக நெருங்கி ஓடுகிறது. விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்கு அப்பால்தான் மீன் பிடிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டின் ஒழுங்குமுறை சொல்கிறது. நாட்டுப் படகுகளுக்கு ஒரு நாள், விசைப்படகுகளுக்கு ஒரு நாள் என்று நாள் பிரித்துத் தொழிலுக்குப் போகும் ஏற்பாடும் உண்டு. கரையோரத் தடைக்கும் எல்லைக்கோட்டுக்கும் இடையே எஞ்சும் கீற்றில் இத்தனை இழுவைமடிகளுக்கு மீன் கிடையாது. அப்புறம் சென்று மடி போடுகிறார்கள். முப்பதாண்டுப் போரில் கடலுக்கே போக முடியாதிருந்து, 2009க்குப் பின் சிறு கண்ணாடியிழைப் படகுகளோடு தொழிலைத் தொடங்கிய யாழ்ப்பாண, மன்னார், முல்லைத்தீவு மீனவர்களின் வலைகளை அம்மடிகள் அறுத்துச் செல்கின்றன. இருபுறமும் தமிழர்கள். 2016 நவம்பரில் இரு நாட்டு அமைச்சர்களும் கூடி இழுவைமடியை விரைவில் முடிவுக்குக் கொண்டுவருவோம் என்றார்கள். 2017இல் இலங்கை அதைச் சட்டத்தில் தடைசெய்தது. அதே 2017இல் இந்தியா, இழுவைப் படகுகளை மாற்றி 2,000 ஆழ்கடல் சூரை மீன் படகுகள் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. படகு ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய், அதில் 70 விழுக்காடு அரசு மானியம். இலக்கின் அருகில்கூட அத்திட்டம் செல்லவில்லை. எண்பது லட்சத்தில் மீதியைத் திரட்டுவது ஒருபுறமிருக்க, ஒரு நாள் தொழிலுக்குப் பழகியவர் மூன்று வாரம் கடலில் தங்கும் தொழிலுக்கு மாறுவது படகு மாற்றம் மட்டுமன்று, வாழ்க்கை மாற்றம்.

இங்கே பொதுவெளித் தரவு என்ன செய்யும்? படகு உரிமையாளர்கள் சிலரிடம் இவ்வரைபடத்தைக் கைப்பேசியில் காட்டிப் பேசியபோது, முதலில் ஆர்வமும் உடனே அச்சமும் எழுந்ததைக் கண்டேன். எங்கள் படகு எங்கே போனது என்று ஊருக்கெல்லாம் தெரிந்தால் இலங்கைக் கடற்படைக்கும் தெரியும் அல்லவா என்பது ஓர் அச்சம். நல்ல மீன்பாடு உள்ள கடலடிப் பாறைத்திட்டை (பார்) தலைமுறையாகக் காத்து வைத்திருப்பவன் ஏன் அதை ஒளிரவிட வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டும் பொருளற்றவை அல்ல. இச்சேவையை உருவாக்கியவர்களின் வெளிப்படைத்தன்மை பற்றிய பேச்சில் இவற்றுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் குறை. அவர்கள் மனத்தில் இருப்பது ஸ்பானியத் தூண்டில் கப்பலும் சீனக் கணவாய்க் கப்பலும். நாகப்பட்டினத்து ஐந்து பேர் பங்கு போட்டு வாங்கிய விசைப்படகு அன்று. தனித்தனிப் படகின் பெயரை மறைத்து, கட்டம் கட்டமாக மொத்த மீன்பிடிப்பு நேரத்தை மட்டும் வெளியிட்டால்கூட, கொள்கை விவாதத்துக்கு அது போதும்.

தரவே இல்லாமலும் இல்லை. 2024 ஆகஸ்டில், 1 லட்சம் மீன்பிடிப் படகுகளில் இஸ்ரோ உருவாக்கிய தொடர்புக் கருவிகளைக் கட்டணமின்றிப் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டத்தை ஒன்றிய அரசு தொடங்கியது. புயல் எச்சரிக்கை பெறவும், ஆபத்தில் செய்தி அனுப்பவும், எல்லையை நெருங்கினால் எச்சரிக்கவும் அது பயன்படும். நல்ல திட்டம், ஒக்கிப் புயலுக்குப் பின் குமரிக் கரையில் யாரும் அதை மறுக்கமாட்டார்கள். படகு எங்கே இருக்கிறது என்பதை அரசு அதன் மூலம் அறியும். அந்த அறிவில் ஒரு சிறு பங்கை, பெயர் நீக்கியேனும், பொதுமக்களுக்குத் தர வேண்டும் என்று சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ ஓர் உறுப்பினர் கேட்டால் அது செலவில்லாத கோரிக்கை. இலங்கையின் அனுபவம் வேறு வகை. சட்டவிரோத மீன்பிடிப்பைக் கட்டுப்படுத்தத் தவறியதாக 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை விதித்தது. ஆழ்கடல் படகுகளில் கண்காணிப்புக் கருவி பொருத்திய பின், 2016இல் தடை நீங்கியது. ஏற்றுமதிச் சந்தை அங்கே செய்ததை இங்கே வாக்காளர் செய்ய வேண்டியிருக்கும், ஏனெனில் பாக்கு நீரிணை மீனில் பெரும்பகுதிக்குச் சந்தை உள்ளூர்தான்.

சேவையின் மற்றக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆங்கிலம், ஸ்பானியம், பிரெஞ்சு, இந்தோனேசியம் போன்ற மொழிகளில் பயன்படுத்தலாம். தமிழோ சிங்களமோ இல்லை. இணைய வேகம் குறைந்த இடத்தில் பழைய கைப்பேசியில் இயக்குவது பொறுமையைச் சோதிக்கும். மேசைக் கணினியில்தான் இதன் முழுப் பயன் தெரியும். அடுக்குகளும் வடிகட்டிகளும் ஏராளம்; முதல் நாளில் எதை இயக்கினோம், எதை அணைத்தோம் என்று தெரியாமல் திணறுவது இயல்பு. எனினும் ஒவ்வொரு அடுக்குக்கும் அருகிலேயே அதன் வரம்பை ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். இத்தகைய நேர்மை எந்த அரசின் இணையதளத்திலும் நான் பார்த்திராதது. செய்தியாளர்களுக்கும், மீனவர் சங்கங்களோடு வேலை செய்யும் ஆய்வாளர்களுக்கும், கடலியல் மாணவர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். கரையிலுள்ள மீனவர் ஒருவர் இன்று இதைத் திறந்தால் அவருக்குத் தம் கடலைப் பற்றித் தெரியாத எதையும் இது சொல்லாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சீனாவின் கோடைத் தடை திரையில் தெரிகிறது என்று முன்பு சொன்னேன். நமக்கும் ஒரு தடை உண்டு. 2001இல் 45 நாள்களாகத் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம், இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள். அந்நாள்களில் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம். மீதியைக் கடன்காரர் பார்த்துக்கொள்வார். விசைப்படகுகள் கரையேறிப் பழுது பார்க்கப்படுகின்றன, வலைகள் பிரித்துக் கட்டப்படுகின்றன, கூலியாள்கள் கட்டட வேலைக்குப் போகிறார்கள். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று ஒரு கரையே ஆண்டில் ஆறில் ஒரு பங்கு காலத்தின் வருமானத்தை விட்டுக்கொடுக்கிறது. கொழும்பிலோ ஜெனீவாவிலோ தமிழக மீனவரைக் கடலைச் சூறையாடுபவர் என்று யாரேனும் பேசும்போது, எதிரே வைக்க இந்த 61 நாள்களைப் போன்ற சான்று வேறில்லை.

சென்ற தடைக்காலம் முழுவதும் அவ்வப்போது வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். ஜூன் 14 இரவு படகுகளில் ஐஸ் பாறைகள் ஏற்றப்பட்டன; டீசல் நிரப்பப்பட்டது; நள்ளிரவு தாண்டியதும் கரையே இரைந்தது. நான்கு நாள் கழித்து, தரவு வந்து சேர்ந்திருக்கும் என்று கணக்கிட்டுக் காலக்கோட்டை ஏப்ரலிலிருந்து ஜூன் வரை இழுத்தேன். பாக்கு நீரிணை ஏப்ரல் 14இல் இருந்தபடியே ஜூன் 15இலும் இருந்தது.